பாடத்தில் நந்தனார், பந்தியில் சாதி: மரபின் வழியே சமூகநீதியைக் கற்பிப்பது எப்படி?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள், அவனோடு அதே பள்ளியில் படித்த பிள்ளைகள். தமிழ்ப் பாடநூலில் 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்ற குறளை அவனும் படித்திருப்பான், அவர்களும் படித்திருப்பார்கள். ஒருவேளை ஒரே தேர்வில் ஒரே மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள். இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்லுமாறு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிகளின் பெயரிலிருந்து சாதி அடையாளங்களை நீக்க வேண்டும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிற்றைக் கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராக நியமிக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள் இருந்தன. தொலைக்காட்சி விவாதங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறநெறி வகுப்பைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற பரிந்துரையைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்த வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

சட்டத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். அரசமைப்பின் 17ஆவது கூறு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று கரும்பலகையில் எழுதிப் போடலாம். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஆனால் ஒரு பிள்ளை சாதியை எங்கே கற்றுக்கொள்கிறது என்று பார்த்தால், எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. கோயில் கொடையில் யாருக்குப் பரிவட்டம், யாருக்கு முதல் மரியாதை என்று பார்த்துக் கற்றுக்கொள்கிறது. தேர் எந்தத் தெருவரை வரும், எந்தத் தெருமுனையில் திரும்பிவிடும் என்பதில் கற்றுக்கொள்கிறது. சுடுகாடு ஏன் இரண்டு இருக்கிறது, சாவுக்குப் பறையடிக்க யாரைக் கூப்பிடுகிறார்கள், குலசாமி கதையில் யார் யாரை வெட்டினார்கள் என்பதிலெல்லாம் கற்றுக்கொள்கிறது. இவை அனைத்துமே மரபு, பண்பாடு, சமயம் என்ற பெயரில்தான் அதற்கு வந்து சேர்கின்றன. அதற்கான மறுமொழியும் அதே வழியில் போய்ச் சேர்ந்தால்தான் பிள்ளையின் மனதில் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம். நம்முடைய நல்ல காலமோ என்னவோ, அந்த மறுமொழிக்குத் தமிழ் மரபில் பஞ்சமே இல்லை. அதை நாம் சொல்லிக்கொடுக்கும் விதத்தில்தான் கோளாறு.

அரசுப் பள்ளியில் சமயத்தைப் பேசலாமா என்ற தயக்கம் ஆசிரியர்களுக்கு எப்போதும் உண்டு. அரசமைப்பின் 28ஆவது கூறு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது. ஆனால் ஒரு சமயத்தைப் போதிப்பது வேறு, சமயங்களைப் பற்றிப் படிப்பது வேறு. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. 51அ கூறோ நம் கூட்டுப் பண்பாட்டின் மரபைப் போற்றுவதையும், அறிவியல் மனப்பான்மையையும், கேள்வி கேட்கும் உணர்வையும் ஒரே பட்டியலில் குடிமக்களின் கடமையாக வைக்கிறது. மரபைப் போற்றவும் வேண்டும், கேள்வி கேட்கவும் வேண்டும். சட்டம் தடுக்கவில்லை. தடுப்பது வேறு.

நம் வகுப்பறைகளில் மரபு என்றால் பெருமை என்றே பொருளாகிவிட்டது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை கற்பிக்க வேண்டும் என்று 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது நல்ல காரியம்தான். ஆனால் குறள் மனப்பாடப் பகுதியாக, 'சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்' வரை பிழையில்லாமல் எழுதினால் மதிப்பெண் என்ற அளவில் நின்றுவிடுகிறது. வள்ளுவர் ஏன் அதைச் சொல்ல வேண்டியிருந்தது? பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டு என்று யாரோ அவர் காலத்தில் அடித்துச் சொல்லியிருந்தால்தானே இப்படி ஒரு மறுப்பு தேவைப்பட்டிருக்கும்? அந்த எதிர்த்தரப்பை வகுப்பறையில் காட்டாவிட்டால், குறள் யாரோடும் வாதாடாத பொன்மொழியாகிவிடுகிறது. பொன்மொழியால் யாருக்கும் உறுத்தாது.

புறநானூற்றின் 183ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது. 'உற்றுழி உதவியும் உறுபொருள் கொடுத்தும் பிற்றைநிலை முனியாது கற்றல் நன்றே' என்று தொடங்கும். கல்வியின் சிறப்பு என்ற தலைப்பில்தான் இதைப் பெரும்பாலும் நடத்துவார்கள். இந்தப் பாட்டின் கடைசி வரிகளில் ஆசிரியர் கொஞ்சம் நின்றால் வகுப்பே மாறிவிடும்:

'வேற்றுமை தெரிந்த நாற்பா லுள்ளும்
கீழ்ப்பால் ஒருவன் கற்பின்
மேற்பால் ஒருவனும் அவன்கண் படுமே.'

கீழ்ப்பாலில் பிறந்த ஒருவன் கற்றால், மேற்பாலில் பிறந்தவனும் அவனிடம் வந்து நிற்க வேண்டும் என்கிறான் அரசன். எவ்வளவு பெரிய பேச்சு! அதே மூச்சில் நான்கு பால் இருந்தது, அதில் மேல் கீழ் இருந்தது என்பதையும் அவனே ஒப்புக்கொள்கிறான். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு பாட்டு, ஏற்றத்தாழ்வுக்கும் அதைத் தாண்டும் வழிக்கும் ஒருசேரச் சாட்சி சொல்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டும் தெரிய வேண்டும். முதல் பாதியை மறைத்தால் பொய். இரண்டாம் பாதியை மறைத்தால் துரோகம்.

அதே தொகுப்பில் 335ஆம் பாட்டு 'துடியன் பாணன் பறையன் கடம்பன்' என்று நான்கு குடிகளைச் சொல்லி, இவையல்லாமல் குடியே இல்லை என்று தலைநிமிரச் சொல்கிறது. 287ஆம் பாட்டோ 'துடி எறியும் புலைய, எறிகோல் கொள்ளும் இழிசின' என்று விளிக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதினொன்றாம் வகுப்பில் படித்தால் என்ன கெட்டுவிடும்? சங்கத் தமிழர் சாதியே அறியாதவர்கள் என்ற கதையும் கிடையாது, தமிழ் மரபே இழிவுதான் என்ற கதையும் கிடையாது என்பது பிள்ளைக்குத் தானாகத் தெரியும். இப்போது பள்ளிக் கலைத் திருவிழாக்களில் பறை ஒலிக்கிறது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சலங்கை கட்டி அடிக்கிறார்கள். பார்க்கவே மனம் நிறைகிறது. ஆனால் அந்த மேடையிலிருந்து இறங்கியதும், ஊரில் சாவு விழுந்தால் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் யார், அடிக்க மாட்டோம் என்று அவர்கள் மறுத்தபோது என்ன நடந்தது என்று ஒரு வகுப்பாவது பேச வேண்டாமா? பறையைக் கலை என்று கொண்டாடி, அதைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் பட்ட அவமானத்தை விட்டுவிட்டால், அவர்களிடமிருந்து கருவியை மட்டும் வாங்கிக்கொண்டதாக ஆகும்.

வரலாற்றுப் பாடத்தில் இந்தக் கோளாறு இன்னும் வெளிச்சமாகத் தெரியும். உத்திரமேரூர் கல்வெட்டைத் தெரியாத தமிழ் மாணவன் இருக்க மாட்டான். முதலாம் பராந்தக சோழன் காலம், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதி, குடவோலை முறை. பனையோலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் சொல்வார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமரே இதைக் குறிப்பிட்டார். பெருமைப்பட வேண்டியதுதான். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் அது. இன்றைய உள்ளாட்சித் தேர்தல்களோடு ஒப்பிட்டால் பொறாமையாகக்கூட இருக்கும்.

அந்தக் கல்வெட்டு சொல்லும் தகுதிகளையும் ஒவ்வொன்றாக வகுப்பில் வாசித்துப் பாருங்கள். வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதமும் அதன் விளக்கநூல்களும் கற்றிருக்க வேண்டும். நன்கு கற்றவருக்கு நிலத் தகுதியில் மட்டும் சலுகை உண்டு. அது பிராமணர்களின் ஊரான சதுர்வேதிமங்கலத்துச் சபை. இதை வாசித்து முடித்ததும் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்த வகுப்பில் இருப்பவர்களில் யாருடைய பாட்டனார் அந்தக் குடத்தில் ஓலை போட்டிருக்க முடியும்? பெண்களுக்கு இடம் உண்டா? நிலத்தை உழுதவனுக்கு? பாத்திரம் வனைந்தவனுக்கு? அந்தக் குடத்தையே செய்தவன் அந்தக் குடத்துக்குள் தன் பெயரைப் போட முடியாது என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். 1950இல் வயதுவந்த எல்லோருக்கும் கிடைத்த வாக்குரிமை எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இதைவிட நன்றாக எப்படிச் சொல்வது?

தஞ்சைப் பெரிய கோயிலும் அப்படித்தான். 1010இல் முடிந்த கோயில். சுற்றுலா போகாத பள்ளி இல்லை. நிழல் தரையில் விழாது என்ற கட்டுக்கதையைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சுவர்களில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகள் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் வரியில்லா நிலங்களைக் கணக்கெடுக்கின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரும் வரிசையில் 'பறைச்சேரி' வருகிறது, கம்மாளர் குடியிருப்பான 'கம்மாணசேரி' வருகிறது, சில ஊர்களில் 'தீண்டாச்சேரி' என்றே வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு. அதே கோயில் கல்வெட்டு, கோயிலில் ஆடவும் பாடவும் அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயரையும், அவர்கள் குடியிருந்த வீட்டையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறது. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் பிள்ளை, சுவரின் கீழ்ப்பகுதியில் குனிந்து இதையும் வாசிக்கட்டும். கோயிலின் அழகு ஒரு துளியும் குறையாது.

கீழடிக்கு இதற்கு நேரெதிரான பயன் ஒன்று உண்டு. 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் பானை ஓடுகளில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கீறிய பெயர்களைப் பார்க்கலாம். ஆதன், குவிரன். அரசாணையோ கொடைக் கல்வெட்டோ இல்லை, புழங்கும் பானையில் எழுதிய பெயர். எழுத்து ஒரு சிலருக்கு மட்டும் உரியதாக இல்லாத காலம் ஒன்று இந்த மண்ணில் இருந்திருக்கிறது என்பதற்கு அது தடயம். அப்படியானால் இடையில் எப்போது, எப்படி, யாரால் எழுத்து பறிபோனது? பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி அது.

சமயத்துக்கு வருகிறேன். இங்கே, புலையர் குலத்தில் பிறந்து அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான நந்தனாரைவிடச் சிறந்த பாடம் கிடையாது. ஏனென்றால் அவர் கதை ஒன்றாக இல்லை.

எட்டாம் நூற்றாண்டளவில் சுந்தரர், நந்தனாரைத் திருநாளைப் போவார் என்ற பெயரில் குறித்து, 'செம்மையே திருநாளைப் போவார்க்கும் அடியேன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். ஆதிசைவ அந்தணர் குலத்தில் பிறந்தவர், புலையர் குலத்தில் பிறந்த ஒருவருக்கு நான் அடியவன் என்கிறார். தீயும் இல்லை, சோதனையும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை விரிக்கிறார். ஆதனூர்ப் புலைப்பாடியை அவர் காட்டும் இடம் தமிழ்க் கவிதையிலேயே அரிய பகுதி. மருத மரத்து நிழலில் தோலை விரித்து அதன்மேல் உழத்தி தன் குழந்தையைத் தூங்க வைக்கிறாள். புதைத்த பானைக்குள் கோழி அடைகாக்கிறது. மாமரக் கிளைகளில் பறைகள் தொங்குகின்றன. தென்னையடிக் குழியில் நாய் குட்டி போட்டிருக்கிறது. சேக்கிழார் சோழ அரசில் பெரிய பதவியில் இருந்தவர். அந்தக் கண்ணிலிருந்து இவ்வளவு பரிவான பார்வை வந்திருக்கிறது. கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் நந்தனார் என்றும் அவர் எழுதுகிறார். கொடுத்த பொருள் சந்நிதி வரை போகும். கொடுத்தவர் போக முடியாது.

பிறகு தில்லை, அதாவது சிதம்பரம். ஊர் எல்லையில் நின்று, மதிலை வலம் வந்து, உள்ளே போக வழியில்லாமல் தவிக்கிறார். இறைவன் கனவில் வந்து தீயில் மூழ்கி வா என்கிறார். தில்லைவாழ் அந்தணர் தீ வளர்க்கிறார்கள். தீயிலிருந்து எழுந்தவர் மார்பில் வெண்ணூல் இருக்கிறது. அதன் பிறகுதான் வாசல் திறக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதைக் கீர்த்தனையாகப் பாடியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார். அவர்தான் பண்ணையார் வேதியர். நந்தன் தில்லைக்குப் போக விடுப்புக் கேட்கிறான், அவர் விட மறுக்கிறார். கோயில் வாசலில் மட்டும் இருந்த தடை இப்போது வயலுக்கும் வந்துவிட்டது. சாதியோடு கூலியும் நிலமும் கதைக்குள் நுழைந்துவிட்டன. தஞ்சைத் தரணியில் பண்ணையாள் முறையைக் கண்ணால் பார்த்த ஒருவருடைய கதை அது. பின்னர் 1916இல் சுவாமி சகஜானந்தர் அதே சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கி, அதற்கு நந்தனார் பெயரை வைத்தார். கோயிலுக்குள் போக முடியாத ஒருவரின் பெயரால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் போனார்கள். கதையின் மிகச் சிறந்த வடிவம் இதுதான் என்பேன்.

நாலு நூற்றாண்டுகள், நாலு நந்தனார். இவற்றை ஒரு வாரம் வகுப்பில் வைத்துப் பேசலாம். இறைவன் ஏன் நந்தனாரை நெருப்பில் மூழ்கச் சொன்னார், அந்தணரிடமும் தீயை அமைக்கச் சொன்னவர் கதவைத் திறந்து விடுங்கள் என்று ஏன் சொல்லவில்லை? திருப்புன்கூரில் வெளியே நின்ற நந்தனார் தன்னைக் காண நந்தியை விலகச் சொன்னவருக்குத் தில்லையில் மனிதர்களை விலகச் சொல்ல ஏன் முடியவில்லை? உள்ளே போனவர் நந்தனாரா, பூணூல் அணிந்த வேறொருவரா? பக்தியுள்ள பிள்ளையும் இதைக் கேட்கலாம். சொல்லப்போனால் பக்தியுள்ள பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி உறுத்தும். ஆசிரியர் விடை சொல்ல வேண்டியதில்லை. சேக்கிழாருக்கும் கோபாலகிருஷ்ண பாரதிக்கும் சகஜானந்தருக்கும் இடையில் நடந்த வழக்கைப் பிள்ளைகள் முன் விரித்துவைத்தால் போதும். சைவத்தின் மீது அவதூறு என்று யாரும் சொல்ல முடியாது. இந்தக் குரல்கள் எல்லாமே சைவத்துக்குள்ளிருந்து வந்தவை. சிவவாக்கியர் 'பறைச்சி யாவது ஏதடா' என்று கேட்டதும், வள்ளலார் 1867இல் வடலூரில் சாதி பாராமல் சோறு போட அடுப்பு மூட்டியதும் அந்த வழக்கின் அடுத்தடுத்த வாய்தாக்கள்தான்.

இந்த நேர்மையை ஒரு சமயத்திடம் மட்டும் கேட்டால் அது நியாயம் ஆகாது. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம், ஒரே பீடத்திலிருந்து இரு கைகளாகப் பிரியும். வெவ்வேறு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண்பதற்கென்றே அப்படி ஒரு கட்டடம். அந்தப் பிரிவினையை ஆயர் எடுத்தபோது எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டு, சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். கிறித்தவப் பள்ளிகள்தான் ஒடுக்கப்பட்டோருக்கு முதலில் எழுத்தறிவித்தன என்பது எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை இதுவும். 1981இல் தென்காசி அருகே மீனாட்சிபுரத்தில் பட்டியல் சாதி மக்கள் நூற்றுக்கணக்கில் இசுலாத்துக்கு மாறியதையும், 1956இல் நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியதையும், அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டதையும் ஒரே பாடத்தில் சேர்த்துப் பார்த்தால், மதமாற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் இன்று எழும் கூச்சல் கொஞ்சம் அடங்கும். தங்களை மனிதராக மதிக்கும் ஒரு வாசலைத் தேடியவர்களின் வரலாறு அது.

இதைச் சொல்லும்போது ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. இழிவின் வரலாற்றை எந்த மொழியில் சொல்வது? தெற்குத் திருவிதாங்கூரில் சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் மேலாடைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் தேசியப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், உடையின் சமூக வரலாறு என்ற பாடத்தில் இருந்தது. நாடார் சமூகத்தைப் பற்றிய அதன் விவரிப்பு தவறானது, இழிவுபடுத்துவது என்று எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் வந்தது. 2016 கடைசியில் அந்தப் பகுதியை மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தேர்விலிருந்து நீக்கியது. 2019இல் பாடமே புத்தகத்திலிருந்து போய்விட்டது. ஒரு சமூகம் தன் பாட்டிமார் பெற்ற வெற்றியின் வரலாற்றையே பாடநூலில் பார்க்கக் கூசும்படி எழுதப்பட்டிருந்தது என்றால், பிழை எழுதியவர்களிடம்தான் அதிகம். அதைத் திருத்தி எழுதாமல் தூக்கி எறிந்தது அதைவிடப் பெரிய பிழை.

அந்த வரலாற்றை வேறு முனையிலிருந்து தொடங்கியிருக்கலாம். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசர் வெளியிட்ட அறிக்கை, மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று அளந்து கொடுத்தது. அதற்கும் முன்பே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், 'தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்' என்ற நெறியோடு எழுந்திருந்தார். தலைப்பாகை கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் வழிபாட்டிடமான பதிக்குள் வர வேண்டும் என்றார். எல்லோருக்கும் ஒரே கிணறு. கருவறையில் ஒரு நிலைக்கண்ணாடி, அதன்முன் நின்று வணங்க வேண்டும். இன்றும் ஆண்கள் அங்கே தலைப்பாகையோடுதான் நுழைகிறார்கள். இந்தப் பெருமிதத்திலிருந்து தொடங்கி அவமானத்துக்குப் போனால், ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை வகுப்பில் தலை குனியாது. பாதிக்கப்பட்டவர்களைப் பரிதாபத்துக்குரிய கூட்டமாக மட்டும் காட்டும் பாடம், எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பிள்ளையை மறுபடி ஒருமுறை தனியாக உட்கார வைக்கிறது.

உட்கார வைப்பது என்றதும் சேரன்மாதேவி நினைவுக்கு வராமல் போகாது. 1922இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம். தமிழ் இலக்கியம், உடற்பயிற்சி, விவசாயம், தேசபக்தி எல்லாம் உண்டு. மரபின் வழியே புதிய மனிதர்களை உருவாக்க வேண்டும் என்பதே நோக்கம். காங்கிரஸ் பணம் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தனி. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்பது ஐயர் தரப்பு. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். காந்தி வரை பஞ்சாயத்து போனது. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார், அதே ஆண்டு ஜூனில் பாபநாசம் அருவியில் இறந்தும் போனார். திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்த மனிதர் அவர். 'பிறப்பொக்கும்' என்பதைச் சொல் சொல்லாக எடைபோட்டுப் பெயர்த்திருப்பார். அவர் பள்ளியில் பிள்ளைகள் கற்றது எதை? வகுப்பறையில் குறளையா, சாப்பாட்டுக் கூடத்தில் பந்தியையா? தமிழ்நாட்டின் அரசியலையே திருப்பிப்போட்ட நிகழ்ச்சி அது. ஆசிரியர் பயிற்சியில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் பாடமாக வைக்க வேண்டிய நிகழ்ச்சியும் அதுதான்.

ஏனென்றால் பந்தி இன்னும் முடியவில்லை. 2023இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் விரிவானபோது தூத்துக்குடி, கரூர் மாவட்டங்களில் பட்டியல் சாதிப் பெண் சமைத்ததை எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று சில பெற்றோர் மறுத்தார்கள். அமைச்சரும் அதிகாரிகளும் போய் அமர்ந்து சாப்பிட்ட பிறகு நிலைமை மாறியது. அந்தப் பள்ளிகளில் அந்த வாரம் நடக்க வேண்டிய பாடம் வேறு என்ன இருந்திருக்க முடியும்? வடலூர் அடுப்பு, சேரன்மாதேவிப் பந்தி, சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் போட்ட மதிய உணவு என்று ஒன்றரை நூற்றாண்டுச் சோற்றின் வரலாறே கையில் இருக்கிறது. கழிப்பறையைக் கழுவ எந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள், தண்ணீர் எடுத்துவர யாரை அனுப்புகிறார்கள், உதவித்தொகைப் பட்டியலை வாசிக்கும்போது சாதிப் பெயரை உரக்கச் சொல்கிறார்களா என்பதெல்லாம் பிள்ளைகள் தினமும் வாசிக்கும் பாடம். புத்தகத்தில் நாம் எழுதும் பாடம் அதோடு போட்டி போட்டாக வேண்டும்.

கயிற்று விவகாரத்தையும் இங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும். 2019இல் பள்ளிக் கல்வித் துறை சாதிக் கயிறுகளைக் கண்காணிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டதும், இந்துக்களின் நம்பிக்கையில் தலையீடு என்று எதிர்ப்பு வந்தது. பழைய நடைமுறையே தொடரும் என்று அமைச்சர் பின்வாங்கினார். சாமி கயிறு எது, சாதிக் கயிறு எது என்று தென்மாவட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தெரியும். நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சமயத்தின் பெயரைச் சொன்னதும் பெரியவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கயிற்றை அறுக்க உத்தரவு போடலாம். அம்மன் கோயிலில் எல்லோருக்கும் கட்டிய மஞ்சள் கயிறு, எப்போது நம்ம ஆளு, அவன் ஆளு என்று நிறம் பிரிந்தது என்று அந்தப் பிள்ளைகளையே பேச வைப்பது உத்தரவுக்குள் அடங்காது. அதற்கு ஆசிரியர் வேண்டும்.

ஆசிரியருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? தீண்டாச்சேரி என்ற சொல்லை வகுப்பில் வாசித்தால் மறுநாள் ஊர்ப் பெரியவர் தலைமையாசிரியர் அறையில் வந்து நிற்பார். நந்தனார் கதையில் கேள்வி கேட்கச் சொன்னால் கைப்பேசியில் படம் பிடித்துப் போடுவார்கள். மாற்றல் வரும். இதனால்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் குறளை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்ல மாட்டேன். செப்டம்பர் 17இல் சமூகநீதி நாள் உறுதிமொழி, ஏப்ரல் 14இல் சமத்துவ நாள் உறுதிமொழி என்று அரசு கொடுத்திருக்கிறது. அந்த உறுதிமொழியை மெய்ப்பிக்கும் பாடத்தை நடத்துகிற ஆசிரியருக்குத் துணை நிற்போம் என்று துறை எழுத்தில் கொடுக்கட்டும். ஆசிரியர் கையேட்டில் கல்வெட்டின் வாசகமும் பாட்டின் வரியும் அச்சில் இருந்தால், 'நான் சொல்லவில்லை, புத்தகத்தில் இருக்கிறது' என்று சொல்லவாவது அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

இன்னொன்று வினாத்தாள். நம் பள்ளிகளில் தேர்வில் வராதது பாடமே இல்லை. 'குடவோலை முறையை விளக்குக' என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எத்தனை காலமாகக் கேட்டுவருகிறோம். அதோடு, 'உத்திரமேரூர்ச் சபையில் இடம்பெற முடியாதவர்கள் யார் யார்? கல்வெட்டு வரிகளைக் காட்டி எழுதுக' என்று ஒரு கேள்வியைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் வேண்டாம், புதிய நிதி வேண்டாம். அடுத்த அரையாண்டுத் தேர்விலேயே கேட்கலாம்.